வலப்பக்கம் சரிஞ்ச பாற்குடம்

போன வருசத் திருவிழாவிலை என்ரை பாற்குடம் முருகனுக்குப் போய்ச் சேரேல்லை. என்ரை மச்சாளின்ரை தலைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இத்தாலியிலை, பலெர்மோவிலை எங்கடை கோயில் ஒரு பழைய கடைக்கட்டிடம். கோபுரம் கிடையாது, வாசலிலை இரும்புச் சட்டர்தான். ஆனால் திருவிழா எண்டால் நாங்கள் ஒண்டையும் குறைக்கிறேல்லை. மேளம், காவடி, பாற்குடம் எல்லாம் ஒழுங்கையைச் சுத்தி வரும். பல்கனியளிலை நிண்டு கிழவியள் எங்களைப் பாத்துச் சிலுவை போடுவினம். ஆரோ ஒருத்தன் மோட்டச்சைக்கிளோடை நடுவிலை மாட்டுப்பட்டு ஹோர்ன் அடிப்பான். நான் மஞ்சள் சீலை கட்டி, தலையிலை சும்மாடு வைச்சு, அதுக்கு மேலை குடத்தை வைச்சு, இரண்டு கையையும் கீழை தொங்க விட்டுக்கொண்டு நடந்தனான். முதல் மூலை திரும்பேக்கை குடம் மெல்ல மெல்ல வலப்பக்கமா வழுக்கிச்சுது. எனக்கு வலப்பக்கத்திலை வந்தவ மச்சாள். மச்சாள் எண்டால் என்ரை மனிசனின்ரை அக்கா. அரக்குக் கலர் காஞ்சிபுரம், அண்டைக்குத்தான் மடிப்பு உடைச்சுக் கட்டினவ. தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சுது எண்டுவினம். எனக்கு வந்தது மச்சாளின்ரை சீலையோடை போச்சுது.

ஏன் கையைக் கீழை விட்டனீங்கள், எல்லாரையும் போலை பிடிச்சுக்கொண்டு நடந்திருக்கலாமே எண்டு கேப்பியள். அது நேத்திக்கடன். அந்த நேத்தியிலை என்ரை அவசரப்புத்தி முழுக்க இருக்கு.

அதுக்கு முந்தின மாரியிலை என்ரை மனிசனுக்கு நெஞ்சு வெட்டி ஒப்பரேசன் நடந்தது. நான் ஆஸ்பத்திரி விறாந்தையிலை நிண்டு முருகனோடை பேரம் பேசினன். சந்தையிலை மீன்காரனையே அழவைக்கிற ஆள் நான். ஆனால் அண்டைக்கு எனக்குப் பேரம் பேச வரேல்லை. முதல் ஒரு அர்ச்சனை எண்டன். கதவு திறக்கேல்லை. பாற்குடம் எண்டன். அப்பவும் திறக்கேல்லை. சரி, கைபிடியாமல் பாற்குடம், ஒரு சொட்டும் சிந்தாமல், எண்டன். வாய் மூடேல்லை, கதவு திறந்து டொக்டர் சிரிச்சுக்கொண்டு வாறார். கொஞ்சம் பொறுத்திருந்தால் அர்ச்சனையோடையே முடிச்சிருக்கலாம். இண்டைக்கும் அதை நினைச்சால் எனக்கு என்னிலைதான் கோவம் வரும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான், முருகனிட்டைப் போய் வாபஸ் வாங்கேலுமோ?

மச்சாள் மூக்கு நுனியிலை பால் வடிய வடிய நிண்டு, எல்லாருக்கும் கேக்கத்தக்கதாச் சொன்னா, "முருகன் இவளின்ரை நேத்தியை ஏற்கேல்லை."

"றோட்டு ஒரு பக்கம் சரிவு மச்சாள், சும்மாடும் லூசாப் போச்சுது" எண்டன் நான்.

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" எண்டா அவ. மேளக்காரர் உட்பட எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். வீட்டை வந்து குளியலறைக் கதவைப் பூட்டிப்போட்டு அழுதன்.

சீலைக்காக அழுவனோ? மச்சாள் சொன்ன அந்த ஒரு சொல் என்ரை நெஞ்சிலை போய்க் குந்தீட்டுது. ஏற்கேல்லை எண்டால் என்ன அர்த்தம்? தந்ததைத் திருப்பி எடுப்பாரோ? இவரிட்டைச் சொன்னால், "நான் உயிரோடை நிண்டு சோறு தின்னுறன், இன்னும் என்ன ஏற்பு உமக்கு?" எண்டு பகிடி விட்டார். அவருக்குப் பகிடி. எனக்கு அந்த வருசம் முழுக்கப் பயம். அவர் இருமினால் பயம், இருமாட்டிலும் பயம். அடுத்த திருவிழாவுக்குக் கைபிடியாமல், சிந்தாமல், அந்தக் குடத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காட்டி எனக்கு இந்த மனிசன் இல்லை எண்டு மனம் அடிச்சுக்கொண்டே கிடந்தது.

அதாலை பழக வெளிக்கிட்டன். ஒரேத்தோ றோட்டிலை எங்கடை வீடு நாலாம் மாடி. குசினியிலை இருந்து படுக்கையறை வரைக்கும் ஒரு நீட்டு நடை. குடத்திலை தண்ணி நிரப்பித் தலையிலை வைச்சுக்கொண்டு நான் நடப்பன், பின்னாலை இவர் துடைக்கிற கட்டையோடை வருவார், சுவாமிக்குப் பின்னாலை குடை பிடிக்கிறவன் மாதிரி. எத்தினை தரம் நடந்தாலும் குடம் வலப்பக்கம்தான். சும்மாட்டை மாத்திப் பாத்தன், குடத்தை மாத்திப் பாத்தன். குடத்தை வேணுமெண்டே இடப்பக்கம் தள்ளி வைச்சும் பாத்தன். அதுவும் ஊர்ந்து ஊர்ந்து வலப்பக்கத்துக்கே போச்சுது. கீழ்வீட்டு மனிசி ஏறி வந்து, தன்ரை முகட்டிலை ஈரம் ஊறுது, குழாய் உடைஞ்சு போச்சோ எண்டு கேட்டா. "இல்லை, சமயம்" எண்டு இவர் சொன்னார். அந்த மனிசி சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போட்டா.

மச்சாள் போனிலை வைத்தியம் சொன்னா. "உமக்குச் சனி தலையிலை ஏறி இருந்து ஒரு பக்கமா அமத்துறான். சனிக்கிழமையிலை எள்ளெண்ணெய் எரியும்." எரிச்சன். எண்ணெய்தான் முடிஞ்சுது.

இந்த நிலைமையிலைதான் நான் வேலை செய்யிற வீட்டிலை படப் பிரச்சினை வந்தது.

அந்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா எண்டுதான் கூப்பிடுவன், தொண்ணூறைத் தொடப்போற மனிசி. கால் ஏலாது, கண் மட்டும் கழுகுக்கண். அண்டைக்கு நான் சுவரிலை இருக்கிற படங்களைத் தூசு தட்டி, வழமைபோலை ஒவ்வொண்டா நிமித்தி விட்டிட்டு இறங்கினன். கதிரையிலை இருந்த மனிசி "மடோன்னா மியா!" எண்டு கத்தினா. நான் ஓடிப் போனன்.

"என்ரை புருசன் சீவியத்திலை ஒரு சொட்டுக் குடிக்காத மனிசன்" எண்டா. "செத்த பிறகு நீ அவரை வெறிகாரனாக்கிப் போட்டாய்!"

பாத்தன். செத்துப்போன சிஞ்ஞோர் நேராத்தான் இருந்தார். "வடிவா நேரா இருக்கிறாரே" எண்டன். "அவர் சரிஞ்சு இருக்கிறார். இயேசுவும் சரிஞ்சு இருக்கிறார். அந்தக் கப்பலைப் பார், தாழப்போகுது" எண்டா அவ. எனக்குச் சுள்ளெண்டு கோவம் வந்தது. இத்தினை வருசமா இந்த வீட்டிலை நிமித்தினதெல்லாம் நான்தானே, உங்களுக்குத்தான் கண் பிழை எண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். மனிசி கோவிக்கேல்லை. ஊண்டுகோலாலை வாசல்பக்கத்துப் பெரிய கண்ணாடியைக் காட்டி, "போய் நில். முதல் கதவுநிலையைப் பார், பிறகு உன்ரை தலையைப் பார்" எண்டா.

கதவுநிலை நேரா நிண்டது. நான்தான் நிக்கேல்லை. வலக்காது தோளுக்குக் கிட்ட வந்து, போன் இல்லாமலே போன் கதைக்கிற ஆள் மாதிரி நிண்டன். நிமித்திப் பாத்தன், தலை இடப்பக்கம் விழப்போற மாதிரி இருந்தது. எனக்கு எது நேர் எண்டதே மறந்து போச்சுது. அப்ப இவ்வளவு காலமும் குடம் தன்பாட்டிலை நேராத்தான் நிண்டிருக்கு, கீழை இருந்த மேசைதான் கோணல்.

"சனிக்கிரகம்" எண்டு நான் சொல்ல, "பல்லு" எண்டா சிஞ்ஞோரா. "நீ மத்தியானம் பாண் சப்பேக்கை வலப்பக்கத்தாலை மட்டும் சப்புறாய், ஒவ்வொரு கடிக்கும் தாடை டக்கெண்டு அடிக்குது. எனக்குக் காது கேளாதெண்டு எல்லாரும் சொல்லுகினம். எனக்கே கேக்குது." அவவின்ரை பெறாமகள், தங்கச்சியின்ரை பிள்ளை ஒருத்தி, பல்லு டொக்டர். அந்த இடத்திலையே போன் அடிச்சு, எனக்கு நாள் எடுத்துப்போட்டுத்தான் மனிசி கோப்பி குடிச்சா.

டொக்டரிட்டைப் போற அண்டைக்கு இவரும் வந்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு இவர் பகேரியா எண்ட பக்கத்து ஊரிலை ஒரு பழைய வில்லாவிலை பாரமில்லாத தோட்டவேலை செய்யிறார். ரயிலிலை வந்து இறங்கினவரை ஸ்தாசியோனே சென்ட்ராலே எண்ட பெரிய ஸ்டேசனிலை கண்டு கூட்டிக்கொண்டு போனன். கையிலை ஒரு பை நிறைய எலுமிச்சங்காய். "பல்லுக் காட்டப் போற இடத்துக்கு உதென்னத்துக்கு?" எண்டன். "றோட்டிலை எறிஞ்சுபோட்டு வாறதே?" எண்டார்.

டொக்டர் ஒரு இளம்பிள்ளை. வாயைத் திற எண்டு சொல்லுவா எண்டு நான் ஆவெண்டு திறந்துகொண்டு போக, அவ "சப்பாத்தைக் கழட்டுங்கோ" எண்டா. பல்லுக்கு ஏன் சப்பாத்து எண்டு கேட்டன். சிரிச்சா. கழட்டினன். காலுறையிலை ஓட்டை, பெருவிரல் எட்டிப் பாத்தது. இவர் முகட்டைப் பாத்தார். டொக்டர் என்னை ஒரு தூக்குநூலுக்கு முன்னாலை, மேசன்மார் சுவர் கட்டேக்கை தொங்கவிடுற மாதிரி நூல், நிப்பாட்டினா. என்ரை மூக்கு ஒரு பக்கம், தொப்புள் ஒரு பக்கம், நூல் ஆருக்கும் சேராமல் நடுவிலை தொங்கிச்சுது. பிறகு இடப்பக்கப் பல்லுக்கு நடுவிலை பஞ்சை உருட்டி வைச்சு, கடிச்சுக்கொண்டு கொஞ்சம் நடந்து, எச்சில் விழுங்கிப்போட்டு வரச் சொன்னா. நடந்து வந்து நிண்டன். தோள் இரண்டும் முந்தியை விடக் கிட்டக் கிட்ட வந்திருந்துது.

"அட!" எண்டு இவர் எழும்பி நிண்டிட்டார். எள்ளெண்ணெய்க்கு இறங்காத சனி பஞ்சுக்கு இறங்கிப்போச்சுது எண்டு எனக்கும் சந்தோசப் புழுகம்.

டொக்டர் எங்களை அமத்தினா. "அவசரப்படாதேங்கோ. தாடையும் கழுத்தும் அயல்வீட்டுக்காரர். ஒரு வீட்டிலை சண்டை எண்டால் மற்ற வீட்டிலை நித்திரை இல்லை. ஆனால் எல்லாக் கோணலுக்கும் பல்லுத்தான் காரணம் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். இதைக் கேட்டுச் சிரிக்கிற டொக்டர்மாரும் இருக்கினம்." எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சுப் போச்சுது. மச்சாள் ஒரு நாளாவது இப்பிடி ஒரு சொல் சொல்லியிருப்பாவோ?

பிறகுதான் வாயைப் பாத்தா. இடப்பக்கத்திலை கீழ்க்கடைவாய்ப் பல்லு இரண்டு எப்பவோ பிடுங்கினது, அந்த இடம் வெறுவெளி. வலப்பக்கத்துப் பல்லெல்லாம் அம்மி மாதிரித் தேஞ்சு தட்டையாப் போச்சுது. "இது சாப்பிட்டுத் தேஞ்சது மட்டும் இல்லை. நித்திரையிலை பல்லு நறநறக்கிறீங்கள்" எண்டா. நான் இல்லை எண்டன். மூலையிலை இருந்து இவர் "ஓம்" எண்டார்.

"எந்தப் பக்கம் படுக்கிறனீங்கள்?"

"வலப்பக்கம். கையைத் தாடைக்குக் கீழை குடுத்துக்கொண்டு."

"மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கேலாதோ?"

ஏலாது எண்டன். ஏன் எண்டு கேட்டா. இப்பதான் நான் ஒண்டு சொல்லவேணும். தமிழிலை கேட்டிருந்தால் "அது பழக்கம்" எண்டு சொல்லி முடிச்சிருப்பன். கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவருக்கும் எனக்கும் இடையிலை தமிழிலை கதைக்கிறதெல்லாம் அரிசி, பருப்பு, பஸ் வந்துதோ, மருந்து போட்டியளோ. இத்தாலியன் எனக்கு வேலைவீட்டுப் பாஷை. அதிலை எனக்கு வெக்கம் இல்லை. அதாலை இவர் பக்கத்திலை இருக்கிறாரெண்டதையே மறந்து, இத்தாலியனிலை சொல்லிப்போட்டன்.

"மற்றப் பக்கம் திரும்பினால் இவர் மூச்சு விடுறாரோ எண்டு எனக்குக் கேளாது."

டொக்டர் கையுறையைக் கழட்டினா. "ஒப்பரேசன் நடந்த நாளிலை இருந்தோ?"

"ஓம். காதைக் கொஞ்சம் தலாணியிலை இருந்து உயத்தி வைச்சால்தான் வடிவாக் கேக்கும். அதுக்குத்தான் கை."

"ஒவ்வொரு இரவுமோ?"

"மூச்சு ஒவ்வொரு இரவும்தானே விடவேணும்" எண்டன். டொக்டர் சிரிக்கேல்லை. மூலையிலை எலுமிச்சங்காய் ஒண்டு பையிலை இருந்து விழுந்து உருண்டு கதிரைக்குக் கீழை போச்சுது. இவர் குனிஞ்சு அதைத் தேடத் தொடங்கினவர், ஒரு எலுமிச்சங்காயைத் தேட எடுக்கிற நேரத்தை விடக் கனநேரம் குனிஞ்சபடியே இருந்தார்.

டொக்டர் தீர்ப்பைச் சொன்னா. வாய்க்குள்ளை போட ஒரு பிளாஸ்ரிக் அச்சு செய்து தருவா, இஞ்சை அதைப் பைட் எண்டுவினம். இரவிலை போட்டால் பல்லு பல்லோடை முட்டாது. பல்லில்லாத வெறுவெளிக்குப் பல்லைப் பிறகு கட்டலாம். கழுத்துக்குப் பயிற்சியும் இருக்கு. ஆனால் அதே பக்கம் அதே மாதிரிப் படுத்தால் பாதி வேலை பாழ். திரும்பிப் படுக்கத்தான் வேணும்.

எனக்கு முருகனிலை சரியான கோவம் வந்தது. இந்த மனிசன் உயிரோடை இருக்கவேணும் எண்டால் பாற்குடம் சிந்தக்கூடாது. சிந்தாமல் இருக்கத் தலை நேராகவேணும். தலை நேராக நான் இந்த மனிசனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கவேணும். இதென்ன விளையாட்டு?

பஸ்ஸிலை ஏறினம். இறங்கிறதுக்குக் கிட்டவா இவர், "இந்த முறை எலுமிச்சங்காய் நல்ல சாறு" எண்டார். ஓம் எண்டன்.

அடுத்த நாள் வேலையாலை வந்து பாத்தால் படுக்கையறையிலை தலாணியள் இடம் மாறிக் கிடக்கு. என்ரை தைலப்போத்தல் அவரின்ரை பக்கத்துச் ஸ்டூலிலை. அவரின்ரை குளிசைப்பெட்டி என்ரை பக்கத்துச் ஸ்டூலிலை.

"என்னப்பா இது கோதாரி?"

"நான் இனி அந்தப் பக்கம். நீர் இஞ்சாலை வாரும்."

நான் விடுவனோ? தாலி கட்டினாப்போலை ஐயர் என்னை வலப்பக்கத்திலை இருந்து எழுப்பி, இவருக்கு இடப்பக்கம் மாத்தி இருத்தினவர். அண்டையிலை இருந்து நான் இடப்பக்கம்தான். பஸ்ஸிலை, படத்திலை, கட்டிலிலை, ஒரு நாள் மாறினதில்லை. ஒரு வருசமாத் தாடை கோணிக் கழுத்துக் கோணிக் கிடந்தும், பக்கத்தை மாத்திப் படுக்கலாம் எண்டு எங்கள் இரண்டு பேருக்கும் மண்டையிலை உதிக்கேல்லை எண்டால், அது அந்த ஐயரின்ரை வேலை. "பொம்பிளை இடப்பக்கம் எல்லே இருக்கவேணும்?" எண்டன்.

"அது மணவறையிலை. இது கட்டில்." என்னைப் பாக்காமல் தலாணியைத் தட்டித் தட்டிச் சொன்னார், "வலப்பக்கத்தாலை கேட்டது போதும். இனி இடப்பக்கத்தாலை கேளும்."

எனக்கு மறுமொழி வரேல்லை. எனக்கு! வாய் இருந்தால் வங்காளம் போகலாம் எண்டுவினம், நான் இந்த வாயை வைச்சுக்கொண்டு பலெர்மோ வரைக்கும் வந்தனான். குசினிக்குப் போய் வெங்காயத்தை எடுத்து, அதை உரிக்க முதலே அழுதுபோட்டன்.

பைட் வந்தது. போட்ட புதிசிலை வாயாலை வீணி வடிஞ்சுது, ஒரு சொல்லும் ஒழுங்கா வரேல்லை. அந்த நேரம் பாத்து மச்சாள் போன் அடிச்சு, "வாய்க்குள்ளை என்ன பழப்புளியோ?" எண்டா. விளங்கப்படுத்தினன். டொக்டர் தந்த கழுத்துப் பயிற்சியையும் செய்தன், இடப்பக்கத்தாலையும் சப்பப் பழகினன். மாசங்கள் போகப் போக நடையிலை தண்ணி சிந்துறது குறைஞ்சுது. கீழ்வீட்டு மனிசி படியிலை கண்டு, உங்கடை சமயம் முடிஞ்சுதோ எண்டு கேட்டா. திருவிழா கிட்டவர, பைட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒரு சொட்டும் இல்லை, போடாமல் நடந்தால் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ. அப்ப போட்டுக்கொண்டே பாற்குடம் எடுக்கிறது எண்டு முடிவு செய்தன்.

மச்சாள் துள்ளி விழுந்தா. "எச்சில் சாமானை வாயிலை வைச்சுக்கொண்டு முருகனுக்குப் பால் கொண்டுபோறதோ? இந்த முறை எனக்கு மேலை இல்லை, முழு ஊருக்கு மேலையும் கவிழும்."

அவ சொன்னதிலை நியாயம் இருக்கிற மாதிரியும் கிடந்தது. எனக்கு நித்திரை போச்சுது. ஐயரிட்டையே கேப்பம் எண்டு மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனன். எங்கடை கோயில் ஐயர் வயசு போனவர், கணீரெண்ட குரல். பைட்டைச் சின்ன டப்பாவோடை திறந்து காட்டினன். நல்லா உத்துப் பாத்தார். "இது கழட்டிப் பூட்டுறதோ?" எண்டார். ஓம் எண்டன்.

ஐயர் வாசல்பக்கம் ஒருக்காப் பாத்தார். பிறகு எங்களுக்குக் கிட்டக் குனிஞ்சு வாயைத் திறந்தார். மேல்வரிசைப் பல்லு முழுக்க ஒரே துண்டாக் கீழை இறங்கி வந்து, ஒரு நிமிசம் காத்திலை நிண்டு, டக்கெண்டு மேலை போய் ஒட்டிச்சுது.

"நான் இதைக் கழட்டிப்போட்டு அர்ச்சனை செய்தால் முருகனுக்குக் காத்து மட்டும்தான் கேக்கும்" எண்டார். "நீங்கள் போட்டுக்கொண்டு எடுங்கோ பிள்ளை. யோசினை எண்டால் ஊரிலை சந்நிதிக் கோயிலிலை பூசை செய்யிறவை கட்டுற மாதிரி ஒரு வெள்ளைத்துணியாலை வாயைக் கட்டுங்கோ. எச்சிலும் படாது, மூச்சும் படாது."

மச்சாள் கைப்பையைப் பூட்டிக்கொண்டு முதல் ஆளா வெளியிலை போனா. வீட்டை வந்து இவரிட்டைச் சொன்னால், "அப்ப குடம் கோயிலுக்குத் திரும்பி வரும் வரைக்கும் நீர் கதைக்க மாட்டீர்? முருகா!" எண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

திருவிழா அண்டைக்கு முகில் ஒண்டும் இல்லை, நல்ல வெய்யில். மச்சாள் பழைய நூல்சீலையோடை வந்தா, கையிலை குடை. எனக்கு எட்ட, ஆக்களுக்குப் பின்னாலை போய் நிண்டா. நான் வாயைக் கட்டி, தலையிலை சும்மாட்டை வைச்சு, குடத்தை ஏத்துவிச்சுக்கொண்டு கையைக் கீழை விட்டன். இவர் எனக்கு வலப்பக்கத்திலை வந்து நிண்டார்.

முதல் மூலை வந்தது. நெஞ்சு மேளத்தை விடப் பெரிசா அடிச்சுது. குடம் அசையேல்லை. மூலையைத் தாண்டினால் ஒழுங்கை கொஞ்சம் ஏத்தம். போன முறை நான் அந்த ஏத்தத்தைக் காணவே இல்லை. ஏறத் தொடங்கினாப்போலை இவர் இருமினார். ஒருக்கா, பிறகும் ஒருக்கா. அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மேளம் அடிக்குது, ஹோர்ன் அடிக்குது, எனக்குப் பக்கத்திலை மூச்சுச் சத்தம் கேக்கேல்லை. திரும்பிப் பாக்கவேணும். திரும்பினால் குடம் விழும். கேக்கலாம் எண்டால் வாயைக் கட்டியிருக்கு. ஐயோ முருகா, உனக்குப் பால் வேணுமோ என்ரை மனிசன் வேணுமோ எண்டு நான் அந்தத் துணிக்குள்ளை பல்லைக் கடிச்சன். பைட் கறுக்கெண்டுது. பால் முக்கியமில்லை, போகட்டும், திரும்புவம் எண்டு கழுத்து அசைய வெளிக்கிட, காதுக்குக் கிட்ட மெல்லிய குரல் வந்தது.

"திரும்பாதேயும். நான் இஞ்சைதான் நிக்கிறன்."

அதோடை அந்த மனிசன், கோயில் வாசல் வரும் வரைக்கும், ஏத்தம் ஏறின களைப்பு இல்லாட்டியும், வேணுமெண்டே புஸ் புஸ் எண்டு பெரிசா மூச்சு விட்டுக்கொண்டு வந்தார். பக்கத்திலை வந்தவை எல்லாம் அவரைத் திரும்பித் திரும்பிப் பாத்தினம். எனக்கு அதை விட நல்ல மேளம் வேறை இல்லை.

ஐயர் குடத்தை இறக்கினார். விளிம்பு வரைக்கும் பால். முருகனிலை ஊத்தேக்கை நான் துணியை அவிழ்த்து ஓவெண்டு அழுதன், வாயிலை பைட் இருந்ததாலை அந்த அழுகையும் ஒழுங்கா வரேல்லை. மச்சாள் குடையை மடக்கிக்கொண்டு வந்து என்ரை கையைப் பிடிச்சா. அவவின்ரை கண்ணும் கலங்கித்தான் கிடந்தது, தம்பி எல்லே. ஆனாலும் சொல்லாமல் விடேல்லை. "பாத்தீரே, எள்ளெண்ணெய் வேலை செய்திட்டுது." சிஞ்ஞோராவிட்டைச் சொல்ல, "என்ரை காது" எண்டா. டொக்டர்ப் பிள்ளை மட்டும்தான் தனக்கு ஒரு பங்கும் கேக்கேல்லை.

அண்டையிலை இருந்து நான் அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை கொண்டன். நேத்தி தீர்ந்துது, இனி முருகன் பாப்பார் எண்டு, காதுக்கும் ஓய்வு குடுத்தன்.

ஒரு கிழமை போயிருக்கும். காலமை தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைக்கேக்கை பாத்தன், இவரின்ரை கண் இரண்டும் சிவந்து போய்க் கிடக்கு. "என்னப்பா, நெஞ்சு ஏதும் செய்யுதோ?"

"நெஞ்சுக்கு ஒண்டும் இல்லை. நித்திரைதான் இல்லை."

"ஏன்?"

கோப்பையைப் பாத்துக்கொண்டு சொன்னார். "உம்மடை பல்லுச் சத்தம் நிண்டு போச்சுது."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனால் ஒப்பரேசனாலை வந்த நாளிலை இருந்து நான் அந்த நறநறப்பைக் கேட்டுக்கொண்டுதான் படுத்தனான். அது கேட்டால், பக்கத்திலை ஆள் இருக்கு எண்டு நித்திரை வந்திடும். பைட் போட்ட பிறகும் நீர் அதைக் கடிக்கிற சத்தம் மெல்லக் கேட்டது, திருவிழாவோடை அதுவும் போச்சுது, இப்ப ஒரு சத்தமும் இல்லாமல் படுக்கிறீர். எழும்பி எழும்பி உம்மடை மூக்கடியிலை கை வைச்சுப் பாக்கிறன்."

எனக்கு வந்த கோவம்! "விசர் மனிசன்! நெஞ்சு வெட்டினது உங்களுக்கு, எனக்கில்லை! எனக்கு என்ன வரப்போகுது? இஞ்சை ஆர் உங்களைக் காவல் இருக்கச் சொன்னது?"

"உம்மை ஆர் சொன்னது?" எண்டு கேட்டார்.

கேட்டுப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினார். அப்பதான் கண்டன். அவரின்ரை தலை வலப்பக்கம் சரிஞ்சு கிடந்தது. கொஞ்சம்தான். நான் இப்ப படுக்கிற பக்கம்.

மேசையைச் சுத்திப் போய் இரண்டு கையாலையும் அந்தத் தலையைப் பிடிச்சு நிமித்தினன்.

"விடும் அப்பா, தேத்தண்ணி ஊத்துப்படப் போகுது" எண்டார்.

ஊத்துப்படட்டும் எண்டு பிடிச்சுக்கொண்டே நிண்டன்.